ஓடுபாதைப் பக்கத்துப் புளியமரம்

மரவாடியைக் கடக்கும்போது இன்றும் என் கால் நின்றுவிடுகிறது. ரம்பம் புளியங்கட்டையைத் தின்னும் அந்த ஈர வாசனை. ஐம்பதைத் தாண்டியாயிற்று, ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை தின்கிறேன். ஆனாலும் அந்த வாசனை வந்தால் பல் தானாகக் கடிபடுகிறது.

களமருதூர்ப் பக்கம், போர்க்காலத்தில் வெள்ளைக்காரர்கள் போட்டுவிட்டுப் போன விமான ஓடுபாதை ஒன்று. எங்களுக்கு அது களம். உளுந்தும் மல்லாட்டைக் கடலையும் அந்தச் சிமெண்டுச் சூட்டில்தான் காயும். வருஷத்தில் ஒன்றிரண்டு நாள் கரும்புக்கு மருந்தடிக்கும் குட்டி விமானம் இறங்கும். யாராவது சிவப்புத் துணியை ஆட்டினால் படுதாவைச் சுருட்டிக்கொண்டு ஓடுவோம்.

பாதைக்குப் பக்கவாட்டில் எங்கள் புளியமரம். அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் வரப்புத் தகராறு. வரப்பில் ஜெயிக்க முடியாத பெரியப்பா, மரம் விமானத்துக்கு இடைஞ்சல் என்று மனு எழுதிப் போட்டார். அளக்க வந்தவர் அளக்கவே இல்லை. பெரியப்பா வீட்டில் கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுத் தலையாட்டிவிட்டுப் போனார். மரத்தில் கோடாலி விழுந்த அன்று அப்பா அண்ணன் முன்னால் கைகட்டி நின்றார். பெரியப்பா வெற்றிலையை மென்றபடி சொன்னார்:

"வானத்துல வர்றவன் உன் மரத்தப் பாத்து ஒதுங்கிக்கினு போவானாடா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அதன்பிறகு அப்பா நிழலில் உட்கார்ந்து நான் பார்க்கவில்லை. மொட்டை வெயிலில், அந்த அடிக்கட்டை மேல் உட்கார்ந்துதான் கஞ்சி குடிப்பார். அப்படியே ஒரு சித்திரையில் போய்ச் சேர்ந்தார்.

நான் கட்டட அனுமதி பார்க்கும் அலுவலகத்தில் படம் வரையும் வேலைக்குப் போனேன். வேண்டுமென்றேதான் போனேன் என்றால் நம்பமாட்டார்கள். நம்பவேண்டாம். அங்கேதான் கற்றுக்கொண்டேன்: ஓடுபாதையின் முனையிலிருந்து வானம் புனல் மாதிரி விரிந்து மேலேறுகிறது. அந்தப் புனலுக்குக் கீழே உயரம் கூடாது. கூட்டம் கூடாது. காக்கையையும் பருந்தையும் கூப்பிடும் எச்சில் குப்பை கூடாது. பழைய சர்வே படத்தை எடுத்து அந்தப் புனலை வரைந்து பார்த்தேன். எங்கள் மரம் கோட்டுக்கு வெளியே இருந்தது. நன்றாக வெளியே.

இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் நடந்த அந்த வருஷங்களில் ஒருநாள் என் மேசைக்கு ஒரு விண்ணப்பம் வந்தது. ஓடுபாதை முனைக்கு நேரெதிரே கல்யாண மண்டபம். கேட்டவர் பெரியப்பா. எங்கள் ஊர்க்காரருக்கு மட்டுமே தோன்றக்கூடிய யோசனை அது: உளுந்து காயும் சிமெண்டு சும்மாதானே கிடக்கிறது, பந்தல் போட்டுக்கொள்ளலாம், வண்டி விட்டுக்கொள்ளலாம், பந்தி வைக்கலாம். இடத்தைப் பார்க்க நானே போகிறேன் என்றேன்.

அன்று மறியல். பஸ் பாதியில் நின்றது. போராட்டக்காரர்கள் வழியை மறிக்கச் சாலை நெடுகப் புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். அதே வாசனை. படச்சுருளை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொரு மரமாகத் தாண்டி நடந்தேன். அவர்கள் கேட்டது நியாயம் என்று நினைத்தவன்தான் நான். ஆனால் அன்று எனக்கு ஒரே ஒரு மரம்தான்.

மண்டபச் சுவர் அனுமதிக்குக் காத்திராமல் ஆளுயரம் எழும்பியிருந்தது. கடைசிப் பெண்ணின் கல்யாணம் தை மாதம் அங்கேதான் என்று பத்திரிகையும் வைத்தாயிற்றாம். பெரியப்பா இளநீர் வெட்டச் சொன்னார். நான் குடிக்கவில்லை. செங்கல் அடுக்கின் மேல் படத்தை விரித்துப் புனல் கோட்டுக்குள் மண்டபம் இருப்பதைக் காட்டினேன். வருஷத்துக்கு ரெண்டு தரம் வர்ற ப்ளேனுக்கு இன்னாடா பெரிய புனல் என்று முதலில் சிரித்தார். எச்சில் இலை விழும் இடத்துக்குப் பருந்து வரும், பருந்து மோதினால் விமானம் பந்திமேல் விழும், உங்கள் பெண்ணும் மாப்பிள்ளையும் அதற்குக் கீழேதான் உட்கார்ந்திருப்பார்கள் என்றேன். ஒரு வார்த்தை பொய் இல்லை. உண்மையைச் சொல்லிப் பழிவாங்கும் ருசி இருக்கிறதே, கரும்பாலைக் கொப்பரையில் சுடச்சுடக் கிண்டின வெல்லம்கூட அப்படி இனித்ததில்லை.

பிறகு கோட்டுக்கு வெளியே இருந்த புள்ளியைத் தொட்டுக் காட்டினேன். உங்கள் தம்பி மரம் இதுதான் என்றேன். அவர் ரொம்ப நேரம் குனிந்து பார்த்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். அனுமதி மறுக்கலாம் என்று அவர் கண்ணெதிரிலேயே குறிப்பெழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சுருளைக் கட்டிக்கொண்டு கிளம்பும்போது பின்னாலிருந்து கேட்டார்.

"ப்ளேனுக்காவ பண்றியா, உன் அப்பனுக்காவ பண்றியா? அத மட்டும் சொல்லிட்டுப் போ."

"ப்ளேனுக்காவன்னு எழுதிருக்கேன், பெரிப்பா. வந்தது அப்பாவுக்காவ."