போட்டோ பில்லர்

ஓசூர் பக்கம் நான் இன்ஜினியராக இருந்த ஃபேக்டரி சைட்டில் எல்லாவற்றுக்கும் செல்போன் ஆப்தான் எஜமான். ஒவ்வொரு பில்லரிலும் கம்பி கட்டியதைப் படம் பிடித்து ஏற்ற வேண்டும். பெங்களூர் ஆபீஸ் பச்சை டிக் போட்டால்தான் காங்கிரீட் லாரி கிளம்பும். ஒவ்வொன்றாகப் படமெடுத்துக் காத்திருந்தால் வேலை நகராது. அதனால் மூலையில் ஒரு பில்லரை மட்டும் லட்சணமாகக் கட்டி, எண் எழுதிய அட்டையை மாற்றி மாற்றி வைத்து, அதையே எல்லாவற்றுக்கும் படமெடுப்போம். அதற்குப் பெயரே போட்டோ பில்லர். படத்தில் டேப் பிடிப்பவர் உத்தனப்பள்ளிக்காரரான கம்பி மேஸ்திரி. "இதுக்குப் பொட்டு வச்சுப் பூவும் வச்சுரலாம் சார்" என்று சிரிப்பார்.

ஒருநாள் காலை, லாரி வந்து நின்றபோது ஓடி வந்தார்.

"ஏழாவது பில்லர்ல பாதி ரிங்குதான் கட்டியிருக்கோம் சார். ரிங்கு பத்தல. மத்தியானம் வந்துரும், அது வரைக்கும் ஊத்த வேணாம்."

பில்லரின் நெட்டுக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் அந்த இரும்பு வளையங்கள் குறைந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாதா? ஆனால் முதல் நாளே ஏழாவதுக்குப் பச்சை டிக் வாங்கியிருந்தேன். இப்போது நிறுத்தினால், படத்தில் முழுசாக இருந்த ரிங்குகள் எங்கே என்று கேட்பார்கள்.

"ஊத்துங்க" என்றேன்.

இரண்டு வாரம் கழித்து, காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைக் காட்டும் கருவியோடு ஆபீஸிலிருந்து வந்தார்கள். ஏழாவதில் பாதி ரிங்கைக் காணோம். படத்திலோ எல்லாம் இருக்கிறது. படம் எடுத்த பிறகு மேஸ்திரிதான் ரிங்குகளை உருவி விற்றுவிட்டார் என்று முடிவு கட்டினார்கள்.

"படத்துல இருக்கறது வேற பில்லருங்க. சாரையே கேளுங்க" என்றார் அவர்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வேலை போய்விடும் என்ற பயம். வேறு காரணம் எதுவும் இல்லை. "ஏழாவதுதான்" என்றேன்.

ஆப்பில் அவர் பெயருக்கு எதிரே திருட்டு என்று சிவப்புக் குறி விழுந்தது. அந்தக் கம்பெனியின் எந்த சைட்டிலும் இனி அவர் கேட்டைத் தாண்ட முடியாது. ஏழாவது பில்லரை உடைத்துத் திரும்பக் கட்டிவிட்டோம்.

போன வாரம் எனக்குப் போன் செய்தார். வேலை கேட்பார் என்று நினைத்தேன்.

"ஆபீஸ்ல எதுவும் சொல்ல வேணாம் சார். எம் பொண்டாட்டிகிட்ட மட்டும் ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் திருடலன்னு. அவகிட்ட குடுக்கறேன்."

"சொல்லுங்க சார்" என்றது ஒரு பெண் குரல்.

எழுதவே வெட்கமாக இருக்கிறது. நான் பேசுவது பதிவாகிறதோ என்ற நினைப்புதான் முதலில் வந்தது.

"மீட்டிங்ல இருக்கேம்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.