வாசித்துச் சொன்ன பிள்ளை

உதயரூபனுக்கு ஆங்கிலம் எழுத்துக் கூட்டித்தான் வரும். தொலைக்காட்சிப் பெட்டியின் முதுகில் எழுதியிருப்பதை வாசிக்க அது போதும். மட்டக்களப்பு நாவற்குடாவில் இருபத்தாறு வருடம் டிவி, றேடியோ, மிக்சி திருத்தினார். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை முற்பகல், திருத்திக்கொண்டிருந்த அம்ப்ளிபயரின் மேல் தலையைச் சாய்த்தார். பக்கத்துச் சலூன்காரர் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனார். ஆஸ்பத்திரியில் செய்வதற்கு ஒன்றும் மிச்சமிருக்கவில்லை. வயது ஐம்பத்தெட்டு.

ஊருக்கு அவர் றேடியோக்காரர். நூற்று நாற்பத்து மூன்று பேருக்கு மட்டும் வேறு ஆள். வாட்ஸ்அப்பில் ‘மட்டு ஆர்பிஜி’ என்றொரு குழு. கல்லடி, காத்தான்குடி, ஏறாவூர் தொடங்கி கட்டார் வரைக்கும் ஆட்கள். கதை நடத்திப்போகும் வீடியோ கேம் விளையாடுகிறவர்கள்: ஒரு பாத்திரத்தை எடுத்து, ஊர் ஊராய்ப் போய், ஆள் சேர்த்து, அடிபட்டு, வளர்ந்து, ஐம்பது அறுபது மணித்தியாலத்தில் முடிக்கிற கேம்கள். பழையது திறமா புதியது திறமா என்று அங்கே விடிந்தால் பொழுதுபட்டால் சண்டை. பழைய கட்சிக்கு உதயரூபன் தலைவர். எழுத மாட்டார். குரல் பதிவுதான்.

முப்பத்தோராம் நாள் கிரியைக்கு ஒன்பது நாள் இருந்தது. அன்றைக்குக் கொடுக்கிற நினைவு மலர் அச்சுக்குப் போக வேண்டும். வாழ்க்கைக் குறிப்பை மகள்தான் எழுத வேண்டும் என்று உதயரூபனின் அக்கா கண்ணகை சொல்லிவிட்டார். மகள் தக்ஷாயினி கொழும்பிலிருந்து ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகப் போய் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவள். பழுது என்ன, காரணம் என்ன, எப்படித் திருத்தியது என்று மூன்று வரியில் அறிக்கை எழுதிப் பழகிய கை. மூன்று நாளாக அப்பாவைப் பற்றி நாலு வரிதான் வந்திருந்தது. பிறந்த திகதி, படித்த பள்ளிக்கூடம், கலியாணம், மனைவி இறந்த வருடம்.

குழுவை நடத்துகிற பிரதீஸ் கல்லடியிலிருந்து வந்தான். வங்கி வேலை. கழுத்துப்பட்டியைக் கூடக் கழற்றவில்லை.

“அக்கா, உதயம் அண்ணன்ர வொய்ஸ் எல்லாம் என்னட்ட கிடக்கு. முந்நூற்றுப் பன்னிரண்டு. நல்லதாப் பாத்து ஏழெட்டை எழுத்தாக்கி மலர்ல போடுவம்.”

“செத்த வீட்டு மலர்ல கேம் கதையோ?” என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தார் கண்ணகை.

“மாமி, அவர் கேமைப் பத்தியா கதைச்சவர்? உலகத்தைப் பத்தியெல்லோ.”

“ஓம், பெரிய உலகம். சோறு ஆறிக் கிடக்கும், மனிசன் பேய்க்கு அடிச்சுக்கொண்டிருக்கும்.”

பிரதீஸ் சிரித்துவிட்டு, சிரித்தது பிழை என்பதுபோலத் தலையைக் குனிந்தான். பதிவுகளைக் குழுவின் உரையாடலோடு தக்ஷாயினியின் மடிக்கணினியில் ஏற்றி, அவளையும் குழுவில் சேர்த்துவிட்டுப் போனான்.

அவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டாள். அப்பா காதுக்குள் வந்து இருந்தார்.

“உலகம் மூண்டு நாள்ல அழியப்போகுதாம். அதைச் சொன்ன கையோட ஒருத்தன் தன்ர கோழியைக் காணல்ல, தேடித் தா எண்டுறான். தேடிக் குடுத்தா அவன்ர மச்சானுக்குப் பாக்கு வேணுமாம். டேய், அழியட்டும்டா உந்த உலகம்!”

இன்னொன்று: “முறை வைச்சு அடிக்கிறதுதான் சண்டை. நான் அடிக்கக்குள்ள நீ பொறு, நீ அடிக்கக்குள்ள நான் பொறுக்கிறன். நடுவில ஒரு மிடறு தேத்தண்ணி குடிக்கலாம். இப்ப உள்ளது சண்டையா? வயலுக்குள்ள யானை பூந்த மாதிரி.”

இன்னொன்று: “பழைய கேம் காத்து நிக்கும். பட்டனை அமத்தும்வரைக்கும் அந்த எழுத்து அங்கயே நிக்கும். புதுசு வாயால கதைச்சிற்றுப் போயிரும். எங்களுக்காக நிக்காது.”

இதற்கு அறுபது பேர் இதயம் போட்டிருந்தார்கள். கேம் வடிவமைப்பைப் பற்றி அண்ணன் எவ்வளவு ஆழமாகச் சொல்கிறார் என்று ஒருவர் எழுதியிருந்தார். தக்ஷாயினி ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்தாள். அந்த எழுத்து காத்து நின்றது அவளுக்காக. பதினொரு வயதுப் பிள்ளை வாசித்து, விளங்கி, தமிழில் சொல்லி முடிக்கும்வரை அப்பாவின் பெருவிரல் பட்டனின் மேல் அசையாமல் இருக்கும்.

திருத்தக் கொடுத்துவிட்டு யாரோ எடுக்க வராமல் போன ஒரு கேம் பெட்டியும் பதினொரு டிஸ்க்கும் அந்த வீட்டில் இருந்தன. ஒன்றின் உறையில் ஏழு விளக்குகள். அப்பா அதற்கு லாந்தர்க் கேம் என்று பெயர் வைத்தார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருளில் மூழ்கிய ஒரு நாடு. ஏழு பேர் ஏழு விளக்கோடு போய்ச் சனங்களை மீட்டு வர வேண்டும். கை அப்பாவுடையது, வாய் மகளுடையது. இருவரும் சேர்ந்தால்தான் கேம் நகரும்.

அந்த வருடம் தையில் டெங்குக் காய்ச்சலில் அம்மா போயிருந்தார். அதன் பிறகு வீட்டில் கதையே இல்லை. சாப்பிட்டியா, ஓம். படிச்சியா, ஓம். அப்பா வாய் திறந்து நாலு வசனம் சேர்த்துப் பேசியது லாந்தர்க் கேமைப் பற்றித்தான். அந்த எழுவரில் மறேல் என்றொரு வைத்தியக்காரி. எல்லாருக்கும் காயம் கட்டுகிறவள். அப்பா அவளை ஒரு சண்டையிலும் விழ விடமாட்டார். தன் வீரனை அடிவாங்க விட்டுவிட்டு அவளுக்கு மருந்து கொடுப்பார்.

புரட்டாதி மாதப் போயா, பௌர்ணமி விடுமுறை, பின்னேரம். கேம் முடியும் கட்டம். மறேல் கடைசி விளக்கைப் பிடித்துக்கொண்டு ஆற்றுக்குள் நிற்க, மற்ற ஆறு பேரும் சனங்களோடு கரை ஏறினார்கள். திரை கறுத்தது. வெள்ளை எழுத்தில் நாலு வரி. அப்பாவின் விரல் காத்து நின்றது.

“என்னவாம் மகள்?”

பிள்ளை வாசித்தாள். ஒவ்வொரு சொல்லும் விளங்கியது. அப்பாவின் முகத்தைப் பார்த்தாள்.

“அவ அங்கால் கரையில தங்கிற்றாவாம் அப்பா. அங்க இருக்கிற ஆக்களுக்கு மருந்து குடுக்க ஆள் வேணுமாம்.”

கடைசிப் படத்தில் தூரத்துக் கரையில் ஒரு சின்ன வெளிச்சம் தெரிந்தது. அப்பா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழும்பிப் போய், எட்டு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக, அடுப்பு மூட்டி மீன் கறி வைத்தார். பிள்ளைக்கு அன்றைக்கு ஒரு குற்ற உணர்ச்சியும் இருக்கவில்லை. கறி நல்லாயிருந்தது.

கேட்கத் தொடங்கிய மூன்றாம் நாள் பிற்பகல் இருநூற்று ஏழாவது பதிவு வந்தது. முதல் பக்கத்தில் இதைத்தான் போட வேண்டும் என்று பிரதீஸ் குறித்திருந்தான். 2022 ஜூன். பெற்றோல் வரிசையில் நின்றபடி பேசியிருக்கிறார். பின்னால் ஆட்கள் கத்துகிறார்கள்.

“இப்ப வாற கேமெல்லாம் ஆளைச் சாகடிச்சுத்தான் அழவைக்கிறான். சாகடிச்சுப்போட்டு வயலின் வாசிக்கிறான். லாந்தர்க் கேமைச் செய்தவன் அப்பிடிச் செய்யல்ல. மறேலை அங்கால் கரையில விட்டான். அவ அங்க இருக்கா, நாங்க இஞ்சால இருக்கிறம். போய்ப் பாக்க ஏலாது. ஆனா இருக்கா. கொல்லுறது லேசு. இருக்க விடுறதுதான் கஷ்டம்.”

அதன் கீழே மர்சூக்கின் குரல். காத்தான்குடியில் புடைவைக் கடை, பன்னிரண்டு வருடம் துபாய், அப்பாவின் வயது. குழுவில் அப்பாவுக்குச் சரிக்குச் சரி நிற்கிற ஒரே ஆள்.

“உதயம், நீ சொல்றது கேக்க நல்லாத்தான் இரிக்கி. ஆனா அந்தப் பொம்புள மௌத்தாகிற்றா மச்சான். செத்துப்போயிற்றா எண்டு இங்கிலீசுல தெளிவா எழுதியிரிக்கி.”

“கரையில வெளிச்சம் தெரிஞ்சதுடா.”

“அது விளக்கு. ஆள் இல்ல.”

“என்ர பிள்ளை வாசிச்சுச் சொன்னது.”

“புள்ளைக்கு அப்ப எத்தின வயசு? விளங்காமச் சொல்லியிரிக்கும்.”

“என்ர பிள்ளைக்கு விளங்காத இங்கிலீஸ் உனக்கு துபாயில சீலை மடிச்சு விளங்கிற்றா?”

பிறகு மர்சூக் அனுப்பிய படம். கறுப்புத் திரை, நாலு வெள்ளை வரி. அதற்குப் பதினான்கு நிமிடம் கழித்து அப்பா: “உந்தப் படமெல்லாம் இப்ப ஆரும் செய்யலாம். என்ர பிள்ளை பொய் சொல்லாது. நீதான் பொய்யன் மர்சூக்.”

அடுத்த வரியில், மர்சூக் குழுவை விட்டு வெளியேறியதாகக் காட்டியது. இரண்டு வருடம் இருவரும் பேசவில்லை. செத்த வீட்டன்றைக்கு ஒழுங்கை முனையில் மோட்டார் சைக்கிளோடு மர்சூக் நின்றதைத் தக்ஷாயினி கண்டாள். வாசல் படலைக்குள் வரவில்லை.

அந்தப் பதினான்கு நிமிடத்தில் நடந்தது அவளுக்கு மட்டும் தெரியும். ஒரு ஆஸ்பத்திரியில் சுவாச இயந்திரமொன்றை அளவு பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபோன் தோளுக்கும் காதுக்கும் நடுவில்.

“மகள், ஒரு கேள்வி. லாந்தர்க் கேம்ல அந்த மறேல், உயிரோடதானே போனவ?”

“ஓம் அப்பா, உயிரோடதான். வேலையில நிக்கிறன், மறுகா எடுக்கிறன்.”

பதினொரு வயதில் சொன்னதற்கு ஒரு காரணம் இருந்தது. இருபத்து நாலில் சொன்னதற்கு இருந்தது அவசரம் மட்டும். பிறகு ஃபோன் எடுத்தபோது அவர் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

பிரதீஸுக்கு ஃபோன் எடுத்தாள். “இருநூற்றேழைப் போடாம விடுவம்.”

“என்னக்கா? அது இல்லாட்டி அண்ணனே இல்ல.”

“பிழையான கதை அது.”

“கருத்தில என்னக்கா சரி பிழை?”

அவள் ஃபோனை வைத்தாள். வெட்டினால் அப்பாவின் நல்ல பேச்சு போகும். போட்டால் அப்பா சொன்னதே சரி என்றாகும், மர்சூக் அச்சிலும் பொய்யன். மாமியின் ஸ்கூட்டியை எடுத்தாள். காத்தான்குடி பத்து நிமிடம்.

கடைக்குள் உம்மாவும் மகளுமாக இரண்டு பேர் அபாயாத் துணி பார்த்துக்கொண்டிருந்தார்கள். மர்சூக் அவளைக் கண்டதும் கதிரையை நகர்த்திப் போட்டார். “வாங்க மகள். இரிங்க.” தன் மகள் பஸ்னாவைக் கூப்பிட்டுத் துணியைக் காட்டச் சொன்னார்.

தக்ஷாயினி உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். போயா நாள், நாலு வரி, மீன் கறி, பிறகு அந்த அழைப்பு. சுருக்கமாக, வரிசையாக. கேட்கக் கேட்க அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இறுகியது.

“சின்னப் புள்ளைல சொன்னதை விடுங்க. உம்மா இல்லாத புள்ள. அது எனக்கும் விளங்கும்.” துணிச் சுருள் ஒன்றைத் தூக்கி மறுபடி அதே இடத்தில் வைத்தார். “மற்றது? ஒரு மெசேஜ் போட எத்தின நிமிசம் புள்ள? ரெண்டு வருசம். நான் அவன்ட கடையைத் தாண்டித்தானே டவுனுக்குப் போறன். ஒவ்வொரு தரமும் மறுபக்கம் பாத்துக்கிட்டுப் போனன்.”

“பிழை மாமா.”

“என்னட்டச் சொல்லி என்ன? நான் சொன்னது சரியெண்டு எனக்குத் தெரியும். நூற்று நாப்பது பேருக்கு முன்னால என்னைப் பொய்யனெண்டவன் அவன். அவங்களுக்கெல்லோ சொல்லோணும்.”

“சொன்னா அவங்க அப்பாவை என்னவெண்டு நினைப்பாங்க?”

“மகளை நம்பினவன் எண்டு நினைப்பாங்க.” தன் ஃபோனை எடுத்துத் தேடி, அந்தக் கறுப்புத் திரையைத் திறந்து மேசையில் வைத்தார். “அன்றைக்கு வாசிக்காததை இன்றைக்கு வாசிங்க.”

துணி பார்த்தவர்கள் விலை கேட்பதை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். தக்ஷாயினி தன் ஃபோனில் குழுவைத் திறந்து, பதிவுப் பட்டனை அழுத்திப் பிடித்தாள்.

“நான் உதயரூபன்ர மகள் தக்ஷாயினி. லாந்தர்க் கேம்ல கடைசியா இருக்கிற நாலு வரி இது. ‘விளக்கு தூரத்துக் கரையில் ஒதுங்கியது. ஆறு மறேலைக் கொண்டு போயிற்று. மற்ற ஆறு பேரும் விடியும்வரை தேடினார்கள். அவள் திரும்பி வரவில்லை.’ அப்பாவுக்கு நான்தான் மாத்திச் சொன்னனான். ரெண்டாயிரத்து இருவத்திரெண்டில திரும்பக் கேட்டவர். அப்பவும் மாத்தித்தான் சொன்னனான். மர்சூக் மாமா சொன்னதுதான் சரி. அப்பா பொய் சொல்லல்ல. அவருக்குத் தெரியாது.”

கையை எடுத்தாள். பதிவு போனது. முப்பத்தெட்டு விநாடி.

“இனி அந்த இருநூற்றேழை வெட்டாதீங்க” என்றார் மர்சூக். “அவன் சொன்னதை அப்பிடியே போடுங்க. கீழ உங்கடயும் போடுங்க.”

அப்படியே அச்சானது. கண்ணகை இரண்டு நாள் அவளோடு கதைக்கவில்லை. செத்த வீட்டு மலரில் தன்னைத் தானே பொய்க்காரி என்று எழுதுகிற பிள்ளையை எங்கேயும் கண்டதில்லை என்று அயல் வீட்டுக்குச் சொன்னார். குழுவில் சிலர் ஆறுதல் சொன்னார்கள். அண்ணன்ர கருத்தே அப்ப பிழை என்று ஒருவன் எழுத, அதற்கு நாற்பது பேர் சண்டைக்குப் போனார்கள்.

முப்பத்தோராம் நாள் மர்சூக் படலைக்குள் வந்தார். பந்தலில் பிளாஸ்டிக் கதிரையில் இருந்து மலரை முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். தக்ஷாயினி தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தாள்.

“அப்பாவுக்கு நான் உண்மையைச் சொல்லியிருந்தா என்ன செய்திருப்பார் மாமா?”

அவர் மலரை மூடி மடியில் வைத்தார்.

“நம்பியிருக்க மாட்டான். அவளைக் காப்பாத்த வழி இரிக்கும், நாமதான் எங்கயோ பிழை விட்டிற்றம் எண்டு, திரும்ப முதல்லருந்து தொடங்கியிருப்பான்.”

அது உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது. அந்தக் கேம் முடிய ஐம்பத்திரண்டு மணித்தியாலம் பிடிக்கும். அவ்வளவு நேரமும் பக்கத்தில் இருந்து வாசிக்க அவருக்கு ஒரு ஆள் வேண்டியிருந்திருக்கும்.