வெரிட்சாவின் நோட்டும் மூன்று சீட்டுகளும்

மொராவா ஆற்றங்கரை மருத்துவக் கல்லூரி விடுதியில் வெரிட்சாவின் அறைக் கதவைத் தட்டாதவர்கள் கிடையாது. ரயில்வே கேட் கீப்பரின் மகள். அழகி என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் பேராசிரியர் வாயிலிருந்து வரும் ஒரு சொல்லையும் சிந்தாமல் எழுதிவிடும் கை அவளுக்கு. அந்த நோட்டை நகலெடுத்துத்தான் பாதி வகுப்பு வாய்மொழித் தேர்வுக்குப் போகும். காபி, கேக், பிறந்தநாள் அழைப்பு எல்லாமே நோட்டால் வந்தவை. அது அவளுக்கும் தெரியும்.

மூன்றாம் ஆண்டில் கல்லூரி ஒரு சோதனை செய்து பார்த்தது. ஒரு பருவம் முழுக்க விரிவுரை கிடையாது. எட்டெட்டுப் பேராக வட்டமாக உட்கார்ந்து, ஒரு நோயாளியின் கதையை வைத்துக்கொண்டு, தாங்களே பேசித் தேடிப் படிக்க வேண்டும். பருவ முடிவில் மாணவர்கள் சீட்டில் எழுதுவார்கள்: விரிவுரையா, வட்டமா? எதற்கு அதிகம் விழுகிறதோ அதுதான் நிற்கும்.

வெரிட்சா கணக்குப் போட்டுப் பார்த்தாள். விரிவுரை போனால் நோட்டு எதற்கு? நோட்டு இல்லாவிட்டால் அவளை யார் தேடி வருவார்கள்?

முதல் கதையில், பிளம் சாராயம் காய்ச்சும் ஒரு கிழவர் எழுந்து நின்றால் மயங்கி விழுகிறார்.

"இதுல உங்களுக்கு என்னென்ன தெரியாது?" என்று கேட்டார் அவள் வட்டத்துக்குப் பொறுப்பான டாக்டர் மோம்சிலோ.

எட்டுப் பேரும் புத்தகத்தைப் புரட்டினார்கள். அந்தக் கல்லூரியின் வாய்மொழித் தேர்வுகளில் கேள்விச் சீட்டை உருவிய பிறகு எதை வேண்டுமானாலும் அளக்கலாம். சிறுநீரகத்தைக் கேட்டால் கல்லீரலைக்கூடச் சொல்லலாம். 'தெரியாது' என்று மட்டும் சொல்லிவிடக் கூடாது. சொன்னால் அடுத்த முறை பார்ப்போம் என்று அனுப்பிவிடுவார்கள். அந்தப் பழக்கத்தில் அவள் வட்டத்து நெபோய்ஷா இருபது நிமிடம் கல்லீரலைப் பற்றி முழங்கினான். மற்றவர்கள் தலையாட்டினார்கள். மூன்று வாரம் இப்படியே ஓடியது.

நான்காம் வாரம் வெரிட்சாவுக்குச் சலித்துவிட்டது.

"டாக்டர், எந்திரிச்சா ஏன் ரத்த அழுத்தம் எறங்குதுன்னு எனக்கு நெசமாவே தெரியாது."

"அப்பாடா! எனக்கும் தெரியாதுடீ" என்றான் நெபோய்ஷா. "மூணு வாரமா நீ தலையாட்டுறியேன்னு நானும் அளந்துக்கிட்டிருக்கேன்!"

அறையே சிரித்தது. அன்று சாப்பாட்டு நேரம் தாண்டியும் யாரும் எழவில்லை. எண்ணெய் சொட்டும் பூரெக் என்ற அடுக்குப் பலகாரத்தைப் புத்தகத்தின் மேலேயே வைத்துத் தின்றுகொண்டு சண்டை போட்டார்கள். அவ்வளவு சந்தோஷமாக அவள் படித்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

சீட்டு எழுதும் நாளும் வந்தது.

"வட்டம் நல்லாத்தான் இருக்கு. ஆனா பரீட்சை பழைய பரீட்சைதானே" என்றாள் ஒருத்தி.

"எனக்கு விரிவுரைதான்பா. இங்க தூங்க விட மாட்டேங்குறாங்க" என்றான் இன்னொருவன்.

வெரிட்சா தன் அறைத்தோழிகள் இருவரையும் ஓரம்கட்டினாள். "விரிவுரைன்னே எழுதுங்கடீ. நோட்டு நான் தர்றேன்." அவளும் அப்படியே எழுதினாள்.

விரிவுரைக்கு முப்பத்தொன்று, வட்டத்துக்கு இருபத்தெட்டு. அடுத்த வாரமே நாற்காலிகள் மறுபடி வரிசைக்குத் திரும்பின. அவள் அறைக் கதவு மறுபடி தட்டப்பட்டது.

இருபது ஆண்டுகள் ஆகின்றன. மலையடிவார ஊரின் சுகாதார நிலையத்தில் இப்போது நோயாளிகள் அவள் கதவைத் தட்டுகிறார்கள். அந்த நோட்டுகள் எங்கே போயினவோ, நினைவில்லை.

"எனக்கு என்னதான்மா?" என்று கேட்கும் கிழவர்களிடம், "தெரியல மாமா. சேர்ந்து கண்டுபிடிப்போம். மொதல்ல எந்திரிச்சு நில்லுங்க" என்பாள். அதனாலேயே அவளிடம் கூட்டம்.

பக்கத்து ஊரில் அறுவை மருத்துவனாக இருக்கும் நெபோய்ஷா அவ்வப்போது தொலைபேசியில் கூப்பிடுவான். பேச்சு எங்கே தொடங்கினாலும் அந்த வட்டத்தில்தான் வந்து நிற்கும். "விரிவுரைன்னு எழுதித் தொலைச்சேனே" என்பாள் அவள்.

"இன்னுமாடீ அதையே நெனச்சு உருகுற? ஒன் ஒரு ஓட்டுல என்னத்த மாறியிருக்கப் போவுது?"

அறைத்தோழிகள் இருவரையும் விரிவுரை என்றே எழுத வைத்ததை அவனிடம் அவள் இன்றுவரை சொன்னதில்லை.