நிரந்தர முகவரிக்குப் போன கடிதம்

நஸீமா அக்கா காலமான செய்தி வந்தபோது நான் டிசம்பர் விடுமுறை அறிவித்தலின் ஏழாவது வரியில் இருந்தேன். அறைகளைப் பூட்டும்போது மின்விசிறியை நிறுத்துங்கள் என்கிற வரி. தொலைபேசியில் பேசியது அவருடைய மகள். "புவனா அன்ட்டி, உம்மா மௌத்தாகிட்டாங்க. விடியச் சுபஹு தொழுதிட்டு நெஞ்சு நோகுதெண்டாங்க. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகக்குள்ளயே முடிஞ்சிட்டு. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்." "எங்கே?" என்று மட்டும் கேட்டேன். "குறிஞ்சிப்பிட்டியிலதான். வேற எங்க?" என்று அந்தப் பிள்ளை அழத் தொடங்கினாள்.

எங்கள் வளாகத்தில் படித்தவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். புத்தளத்தில், கற்பிட்டித் தீபகற்பத்துக்குப் போகும் வீதியோரத்தில் இருக்கும் எங்கள் சிறிய பல்கலைக்கழக வளாகத்தில், மாணவர் நலன் பிரிவில் இருந்தவர் அவர். மன்னாரில் பிறந்தவர். தொண்ணூறாம் ஆண்டு யுத்தத்தில் முஸ்லிம்கள் ஊரோடு வெளியேற்றப்பட்டபோது உம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு படகில் கற்பிட்டிக்கு வந்து இறங்கியவர். முஸ்லிம் பிள்ளைகள் அவரை 'ராத்தா' என்று கூப்பிடுவார்கள், அக்கா என்று அர்த்தம். மற்றப் பிள்ளைகளுக்கு அவர் நஸீமா மிஸ். எனக்கு அக்கா. இரண்டு வருடங்களுக்கு முன் ஓய்வு பெற்றார். அதன் பிறகும் டிசம்பர் வந்தால் தொலைபேசி எடுத்து, "அறிவித்தல் போட்டாச்சா புள்ள?" என்று கேட்காமல் இருந்ததில்லை. இந்த வருடம் அழைப்பு வரவில்லையே என்று நான் யோசிக்கவும் இல்லை. வேலை அப்படி.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் டிசம்பரில் அந்த அறிவித்தலை என்னைத்தான் எழுதச் சொன்னார்கள். என் தமிழில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. 'மாணவர்கள் தத்தமது உடைமைகளின் பாதுகாப்பினை உறுதிப்படுத்திக்கொள்ளுமாறு இத்தால் அறிவுறுத்தப்படுகின்றனர்' என்று இரண்டு பக்கம் எழுதிக் கொண்டுபோய் நீட்டினேன். அக்கா மூக்குக்கண்ணாடியை இறக்கி முழுவதையும் வாசித்தார். "வடிவா இருக்கு புள்ள. ஆனா இது அறிவித்தல் இல்ல, நீதிமன்றக் கட்டளை. பொடியன்மாருக்கு வேர்க்கும்" என்றார். பிறகு என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து வரி வரியாகச் சொல்லிக்கொண்டே போனார். நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுங்கள். மருந்து குடிப்பவர்கள் ஒரு மாதத்துக்கான மருந்தைக் கையில் எடுங்கள். அலுமாரிக்குள் கருவாடு வைத்துவிட்டுப் போகாதீர்கள். எலுவன்குளம் வழியாக மன்னார் போகிறவர்கள் பாலத்துக்கு மேலே வெள்ளம் நிற்கிறதா என்று கேட்டுவிட்டு பஸ் ஏறுங்கள். கருவாட்டு வரியை நான் எதிர்த்தேன். பல்கலைக்கழக அறிவித்தலில் கருவாடா என்றேன். "போன வருசம் மூணாம் மாடியில நீங்க இருக்கல்ல" என்றார். அந்த வரியும் அறிவித்தலில் போனது, இன்றும் போகிறது.

கடைசி வரியை மட்டும் அவரே எழுதுவார். 'விடுமுறையில் வீட்டுக்குப் போக முடியாதவர்கள் என்னிடம் வாருங்கள். காரணம் சொல்லத் தேவையில்லை.' காரணம் கேட்காமல் எப்படி அக்கா என்று ஒருமுறை கேட்டேன். "காரணம் சொல்லணும் எண்டா வரமாட்டாங்க. வரவேண்டியவங்கதான் முதல்ல வரமாட்டாங்க" என்றார். ஒவ்வொரு வருடமும் ஒன்றிரண்டு பேர் வருவார்கள். தன் வீட்டிலேயே வைத்துச் சோறு போடுவார். சிலாபப் பக்கத்துச் சிங்களப் பிள்ளை ஒருத்தி மூன்று வாரம் அங்கே இருந்தாள். அவளுடன் அக்கா பேசிய சிங்களம் முழுக்க மீன் சந்தையில் பழகியது. அந்தப் பிள்ளை வயிறு வலிக்கச் சிரிப்பாளாம். வரும்போது யாரோடும் பேசாமல் வந்தவள்.

இனி ஒரு துண்டுத் தாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். விடுமுறைக்கு முன்னால் ஒவ்வொரு மாணவரும் ஒரு சிறு துண்டை நிரப்பி அக்காவிடம் கொடுக்க வேண்டும். அதில் ஒரே ஒரு கேள்விதான். 'இந்த விடுமுறையில் நீங்கள் எங்கே இருப்பீர்கள்?' எனக்கு அது வீண் வேலையாகத் தெரிந்தது. கோப்பில்தான் நிரந்தர முகவரி இருக்கிறதே. நான் உடப்பில் பிறந்தவள். எங்கள் வீட்டுக்குப் பின்னால் கடல், முன்னால் கோயில் வீதி. பிறந்த நாளிலிருந்து எனக்கு ஒரே முகவரி. இடம்பெயர்ந்து வந்தவர்களின் கதை அப்படியல்ல என்பது எனக்குத் தெரியும், ஆனால் உறைக்கவில்லை. யுத்தம் முடிந்து, மன்னார்ப் பக்கம் மீள்குடியேற்றம் தொடங்கியிருந்த காலம் அது. காணியை விட்டுவிடக் கூடாதென்று அங்கே ஒரு வீட்டைக் கட்டிப் பதிந்துவிட்டு, பிள்ளைகளின் படிப்புக்காகவும் தொழிலுக்காகவும் புத்தளத்திலேயே இருந்த குடும்பங்கள் எத்தனையோ. "நிரந்தர முகவரி எண்டு கேட்டா வாப்பாட ஊரத்தான் எழுதுவாங்க புள்ள. அது ஆசை. ஆள் எங்க இருக்காங்க எண்டு நாமதான் கேக்கணும்" என்று அக்கா எனக்குச் சொல்லியிருந்தார். ஒருமுறையல்ல, பலமுறை.

அந்தக் காலத்தில் ஒரு வருடம், விடுமுறை தொடங்கியதும் உம்மாவுக்குச் சுகமில்லையென்று அக்கா பத்து நாள் லீவு போட்டார். போகும்போது துண்டுகள் இருக்கும் பிஸ்கட் டின்னைக் காட்டி, "எந்தக் கடிதம் அனுப்பினாலும் இதப் பாத்திட்டு அனுப்புங்க" என்றார். ஓம் அக்கா என்றேன்.

இரண்டாம் வருட மாணவன் அஸ்கர் டெங்குக் காய்ச்சலால் ஒரு பாடத்துக்குப் பரீட்சை எழுதவில்லை. மருத்துவச் சான்றிதழின் மூலப்பிரதியோடு குறித்த நாளில் பரீட்சைக் குழுவின் முன்னால் வர வேண்டும், வராவிட்டால் அந்த வருடம் போய்விடும் என்று அவனுக்கு அறிவிக்க வேண்டியிருந்தது. நான் கோப்பைத் திறந்தேன், நிரந்தர முகவரியைப் பார்த்தேன், பதிவுத் தபாலில் அனுப்பினேன். தொலைபேசியும் ஒருமுறை எடுத்துப் பார்த்தேன், வேலை செய்யவில்லை. டின் என் மேசையிலிருந்து நான்கடி தூரத்தில் இருந்தது. எழுந்து போய்ப் பார்க்கவில்லை. அன்று எனக்கு அவசர வேலை எதுவும் இருந்ததாகவும் நினைவில்லை.

அக்கா லீவு முடிந்து வந்தது குழு கூடியதற்கு மறுநாள். வெளியே போகும் கடிதங்களைப் பதியும் அனுப்பற் புத்தகத்தைப் புரட்டியவர் ஓரிடத்தில் விரலை வைத்து, "இந்தப் புள்ள வந்தானா?" என்று கேட்டார். வரவில்லை என்றேன். எழுந்து போய் டின்னைத் திறந்தார். துண்டில் 'எத்தாளை, மாமாவின் தோட்டம்' என்று இருந்தது. கடிதம் போனது மன்னாரில், முசலிப் பக்கத்தில் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டுக்கு. அக்கா ஏசவில்லை. குடையை எடுத்துக்கொண்டு, "வாங்க" என்றார்.

எத்தாளைக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது நல்ல மழை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, சேறு தெறிக்கத் தோட்டம் தோட்டமாகக் கேட்டுப் போனோம். அஸ்கர் வெங்காயப் பாத்தியில் தண்ணீர் வெட்டிவிட்டுக்கொண்டிருந்தான். எங்களைக் கண்டதும் சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை, ஏதோ முடிந்துபோன ஆளின் சிரிப்பு.

"படிப்ப விட்டுட்டன் ராத்தா. கடிதம் வரும் வரும் எண்டு பாத்தேன். வரல்ல. வேணாம் எண்டு முடிவெடுத்திட்டாங்க எண்டு விளங்கிச்சு. மாமா இங்கயே நிக்கச் சொல்றாரு."

"கடிதம் அனுப்பினதுதான் மகன். மன்னார் முகவரிக்குப் போயிட்டு" என்றார் அக்கா.

"நான்தான் எத்தாளை எண்டு எழுதித் தந்தேனே?"

"ஓம். எழுதித் தந்தீங்க. பாக்காம அனுப்பினது பிழை." குடையை என் பக்கம் சாய்த்துக்கொண்டு, "என்ட பிழை" என்றார்.

நான் அவருக்குப் பக்கத்தில்தான் நின்றேன், ஒரே குடைக்குள். என் வாய் திறக்கவில்லை.

மறுநாள் அவனைச் சான்றிதழோடு வளாகத்துக்கு வரச் செய்தார். ஆனால் பரீட்சைக் குழுவினர் முடிந்த விசாரணையைத் திரும்ப எடுக்க முடியாது என்றார்கள். நலன் பிரிவுக் கந்தோரின் தவறால்தான் மாணவனுக்குத் தகவல் போகவில்லை என்று பொறுப்பானவர் எழுத்தில் தந்தால் மட்டும் யோசிக்கலாம் என்றார்கள். பிள்ளைக்கு வருடம் திரும்பக் கிடைக்க வேண்டுமென்றால் யாராவது ஒருவர் பிழையை எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். நான் அப்போது தகுதிகாண் காலத்தில் இருந்தேன். வேலை நிரந்தரமாக இன்னும் நான்கு மாதம் இருந்தது. அப்படியொரு கடிதம் என் கோப்புக்குப் போனால் வேலை போய்விடும். அப்பா கடலுக்குப் போவதை நிறுத்திவிட்ட வீட்டில் உழைத்தவள் நான் ஒருத்திதான். இதெல்லாம் அக்காவுக்குத் தெரியும்.

மேசையில் உட்கார்ந்து அவரே எழுதினார். 'எனது கவனக்குறைவினால்' என்று தொடங்கும் நான்கு வரி. எழுதிவிட்டு என்னிடம் வாசிக்கத் தந்தார். "உங்கட தமிழ்தான் நல்லம், பிழை இருந்தாத் திருத்துங்க" என்றார். நான் அழுதேன். "அழாதீங்க புள்ள. என்ட கோப்பு தடிச்ச கோப்பு, ஒரு தாள் கூடினாத் தெரியாது. உங்கட கோப்புல இன்னும் ஒண்டும் இல்ல" என்றார். அந்தக் கடிதத்தில் ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திக் கொடுத்தேன். வேண்டாம் அக்கா, நான் எழுதுகிறேன் என்று சொல்லவில்லை. வாசிக்கிறவர்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் அது சரிதான்.

அஸ்கரின் வருடம் தப்பியது. அக்காவின் கோப்பில் எச்சரிக்கை ஏறியது. ஒரு தாள் கூடினால் தெரியாது என்றாரே, தெரிந்தது. அடுத்த வருடம் பிரிவுத் தலைவர் பதவிக்கு அவர்தான் வர வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்த்திருக்க, அந்தக் கடிதத்தைக் காட்டி வெளியிலிருந்து ஒருவரைப் போட்டார்கள். தன்னைவிடப் பதினைந்து வயது குறைந்தவரை 'சேர்' என்று அழைத்துக்கொண்டு ஓய்வு பெறும் வரைக்கும் அதே கதிரையில் இருந்தார். பிரியாவிடைக் கூட்டத்தில் அந்தச் சேர் அவரை நிறையப் புகழ்ந்துவிட்டு, "இருபது வருடத்தில் ஒரே ஒரு கடிதம்தான் மிஸ்ஸுக்குச் சறுக்கியது" என்று பகிடியாகச் சொன்னார். சபை சிரித்தது. அக்காவும் சிரித்தார். என் பக்கம் திரும்பிப் பார்க்கவேயில்லை. நான் பூங்கொத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு தடவை குறிஞ்சிப்பிட்டிக்குப் போனேன். எல்லோரிடமும் உண்மையைச் சொல்லப் போகிறேன் அக்கா, நீங்கள் சரி என்றால் நாளைக்கே எழுதிக் கொடுக்கிறேன் என்று பேச்சை எடுத்தேன். இரண்டு தடவையும், "தேத்தண்ணி ஆறுது, குடிங்க" என்றார். அவர் தடுத்தார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பி வந்தேன். உண்மையில் எனக்கு அது வசதியாக இருந்தது.

அடக்கத்தன்று நான் போய்ச் சேர்ந்தபோது குளிப்பாட்டிக் கபன் துணி சுற்றி வைத்திருந்தார்கள். முகத்தைப் பார்த்தேன். அஸர் தொழுகைக்குப் பிறகு ஆண்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். பெண்களோடு நானும் வீட்டில் இருந்தேன். மகள் என் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்துகொண்டிருந்தபோது வாசலில் ஒருவர் வந்து நின்றார். அஸ்கர். இப்போது முசலிப் பக்கத்துப் பாடசாலையில் ஆசிரியர். பாலத்துக்கு மேலே வெள்ளம் என்பதால் மதவாச்சி, அனுராதபுரம் என்று சுற்றி வந்திருக்கிறார். அடக்கத்துக்கு வந்து சேர முடியவில்லை.

முற்றத்தில் என்னைக் கண்டு கிட்ட வந்தார். கண் சிவந்திருந்தது. "மய்யித்து முகத்தப் பாக்கக் கிடைக்கல்ல மிஸ்" என்றார். பிறகு, "பிழை விடாத ஆக்கள் இல்ல. ஆனா விட்ட பிழைக்காகச் சேத்துல நடந்து தேடி வந்தவங்க அவங்க மட்டும்தான். என்ட வகுப்புப் புள்ளகளுக்கு எப்பவும் சொல்லுவேன்" என்றார்.

இத்தனை வருடம், எத்தனையோ வகுப்புப் பிள்ளைகளுக்கு, அக்கா செய்யாத பிழையோடு சேர்த்து அவரைச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

"தம்பி, அது அவங்க விட்ட பிழை இல்லை. அந்தக் கடிதத்தை அனுப்பினது நான்" என்றேன்.

அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபப்படுவார் என்று நினைத்தேன், கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "ராத்தா இருக்கக்குள்ள இதச் சொல்லியிருக்கலாமே மிஸ்" என்றார். அவ்வளவுதான். உள்ளே போய் மகளின் தலையில் கை வைத்தார்.

ஆகவே, அவரை அறிந்தவர்களே, உங்களுக்கு இதை எழுதுகிறேன். பிரியாவிடையில் சிரித்தவர்களுக்கும் எழுதுகிறேன். அனுப்பற் புத்தகத்தில் இருப்பது என் கையெழுத்து. 'எனது கவனக்குறைவினால்' என்ற வரியில் உள்ள 'எனது' நான்தான் என்று கந்தோருக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவருடைய கோப்பில் அதையும் சேர்க்கும்படி கேட்டிருக்கிறேன். மூடிய கோப்பைத் திறக்க மாட்டோம் என்கிறார்கள். திறக்கும் வரை கேட்பேன்.

நஸீமா அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது என் வேலை. காலையில் கந்தோருக்கு வந்து உட்காரும் கதிரை, வீட்டுக்குக் கொண்டுபோகும் அரிசி, தங்கையின் கல்யாணம், எல்லாம் அவர் ஒரு தாளில் கையெழுத்து வைத்ததால் எனக்குக் கிடைத்தவை. அந்தப் பிழையை மட்டும் சாகும் வரைக்கும் அவர் தன்னிடமே வைத்திருந்தார். அதை இப்போது நான் திருப்பி எடுத்துக்கொள்கிறேன் அக்கா. நீங்கள் இருக்கும்போது எடுத்துக்கொள்ள எனக்குத் தைரியம் வரவில்லை.