யாரு தந்த பிள்ளை

எங்கள் வீட்டுப் புறவாசலில், துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில், ஒரு பழைய பெயிண்ட் வாளி இருக்கிறது. அதில் மண் நிரப்பி ஒரு கரும்புக் கணுவை ஊன்றி வைத்திருக்கிறோம். கணுவிலிருந்து பச்சையாக ஒரு முளை எட்டிப் பார்க்கிறது. பிள்ளையின் சுண்டுவிரல் மாதிரி இருக்கிறது. இப்போது எனக்கு எதைப் பார்த்தாலும் பிள்ளை மாதிரிதான் தெரிகிறது. என் மகன் வழிப் பேத்திக்குப் பெண் பிறந்திருக்கிறாள். உள்ளங்கால் இரண்டும் கொழுக்கட்டை, கன்னத்தில் என் கணவருக்கு இருந்த அதே குழி, கொட்டாவி விட்டால் வீட்டில் இருக்கிற அத்தனை பேரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்க்கிறோம். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, பேத்திதான் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு எழுதுகிறாள். என் பேச்சைப் புத்தகத்துப் பேச்சாக மாற்றிவிடுகிறாள். மாற்றட்டும். அக்கா பேசியதை மட்டும் அக்கா பேசினபடியே எழுது என்று சொல்லியிருக்கிறேன்.

அக்கா என்றால் கூடப் பிறந்தவள் இல்லை. என் கணவரின் அண்ணன் மனைவி. எனக்குக் கொஞ்சம் முன்னால் இந்த வீட்டுக்கு வாழ வந்தவள். இரண்டு பேரின் புருஷன்மாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் இன்னும் ஒரே அடுப்பில் சண்டை போட்டுக்கொண்டு இருக்கிறோம். நான் உப்பைக் கூடப் போடுவேன், அவள் குறைத்துப் போடுவாள். அவளுக்குச் சாமி கிடையாது. எனக்கு உண்டு. உப்புக்குப் போடுகிற சண்டையை அதற்கு நாங்கள் போட்டதே இல்லை. ஏன் போடவில்லை என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வருகிறேன்.

கல்யாணமாகி ரொம்ப நாள் எங்கள் இரண்டு பேருக்குமே பிள்ளை இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் மாரியம்மன் கோயிலில் ஒரே நாளில், ஒரே இடத்தில் நின்று, இரண்டு பேரும் கரும்புத் தொட்டில் நேர்ந்துகொண்டோம். பிள்ளை பிறந்தால் கரும்புகளைச் சேர்த்துக் கட்டி, அதில் மஞ்சள் சேலையைத் தொட்டிலாகத் தொங்கவிட்டு, பிள்ளையை உள்ளே கிடத்தி, முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் தோளில் தாங்கிக் கோயிலைச் சுற்றி வருகிற நேர்த்தி அது. ராஜபாளையத்துக்குத் திரும்புகிற பஸ்ஸில் அக்கா சன்னல் பக்கம் உட்கார்ந்து, முதலில் யாருக்குப் பிறந்தாலும் மற்றவள்தான் பெயர் வைக்க வேண்டும் என்றாள். சரி என்றேன். பேச்சுத் தவறாமல் என் மகனுக்கு அவள்தான் பெயர் வைத்தாள்.

ஆமாம், எனக்குத்தான் பிறந்தான். அவளுக்குப் பிறக்கவில்லை.

தொட்டில் எடுக்கிற அன்று என் கணவருக்கு மில்லில் லீவு கிடைக்கவில்லை. முன்பக்கம் யார் தூக்குவது என்று பேச்சு வந்தது. அக்காதான் தூக்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். பிள்ளை இல்லாதவளா என்று சொந்தக்காரப் பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். எனக்கு அப்போது பெரிய நியாயம் செய்கிற நினைப்பு. அக்காவின் காதோடு, "நீங்க தூக்குங்கக்கா. ஆத்தா கண்ணுல படட்டும். அடுத்த வருசம் உங்க தொட்டில நான் தூக்குதேன்" என்றேன். அவளும் நம்பினாள். கரும்பைத் தோளில் வாங்கியபோது அவள் முகத்தில் இருந்த வெளிச்சம் எனக்கு இப்போதும் தெரிகிறது. அது தெரியாமல் இருந்தால் நன்றாயிருக்கும்.

எங்கள் மாமியாருக்கு ஒரு பழக்கம். தொட்டில் சுற்றி வரும்போது கோயிலின் ஒவ்வொரு மூலையிலும் நிறுத்தி, சத்தமாக "யாரு தந்த பிள்ளை?" என்று கேட்பார்கள். தூக்குகிறவர்கள் "ஆத்தா தந்த பிள்ளை" என்று பதில் சொல்ல வேண்டும். மூலைக்கு மூலை கேட்டார்கள். மூலைக்கு மூலை, என்னைவிடச் சத்தமாக, அக்கா சொன்னாள்.

வீட்டுக்கு வந்ததும் தொட்டில் கரும்பில் ஒரு கணுவை வெட்டி, புறவாசலில் சாக்கடை ஓரம் ஊன்றினாள். அந்த வருடம் முழுக்க அரிசி கழுவின தண்ணீர் வேறு எதற்கும் போகவில்லை. கரும்பு மளமளவென்று தூர்விட்டது. அடுத்த பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் நான் மில்லில் ஷிப்ட் முடிந்து வருகிறேன், தெருப் பிள்ளைகள் எல்லோர் கையிலும் கரும்பு. அக்கா அத்தனையையும் வெட்டிக் கொடுத்துவிட்டு, கடப்பாரையால் தூரைத் தோண்டிக்கொண்டிருந்தாள். எலி வருது என்றாள். எலி வரத்தான் செய்யும் என்று நானும் நம்பினேன். எனக்கு மூளை கொஞ்சம் மெதுவாகத்தான் வேலை செய்யும்.

அதன் பிறகு அவள் கோயிலுக்கு வரவில்லை. வீட்டுக்கு ஆள் வேண்டாமா என்பாள். என் மகனை வளர்த்தவளும் அவள்தான். நான் மில்லில் நூல் சுற்றுகிற ரீலிங் மெஷின் ஓட்டப் போய்விடுவேன். பிள்ளைக்குப் பால் கரைத்தது, சளிக்குக் கற்பூரவள்ளி வாட்டிப் பிழிந்தது, பள்ளிக்கூடம் சேர்த்தது எல்லாம் அவள். நான் அவனை அடிக்கப் போனால் பெரியம்மா பின்னால்தான் போய் ஒளிவான். நான் சாயந்தரம் வந்து அவனைத் தூக்கி, ஆத்தா தந்தா, ஆத்தா தந்த ராசா என்று கொஞ்சுவேன். அக்கா பக்கத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருப்பாள். ஒவ்வொரு நாளும் அதைச் சொன்னேன்.

ஒரு பங்குனியில், எல்லோரும் கோயிலில் பூக்குழி மிதிப்பதைப் பார்க்கக் கிளம்பியபோது, வரவே மாட்டீர்களா, சாமி மேல் அவ்வளவு கோபமா என்று கேட்டுவிட்டேன். ஆட்டுரலில் மாவைத் தள்ளிக்கொண்டே, சாதாரணமாகத்தான் பதில் சொன்னாள்.

"கோவம் என்னட்டி கோவம். சாமி இருக்குன்னு வச்சுக்க. அப்ப நான் கேட்டது அவ காதுல விழுந்திருக்கு. ஒனக்குக் குடுக்கலாம், இவளுக்கு வேணாம்னு நெனச்சிருக்கா. அத நெனச்சா எனக்குச் சோறு எறங்கல. சாமியே இல்லன்னு வச்சுக்கிட்டேன். இப்ப யாரு மேலயும் வருத்தம் இல்ல, ஒம் மேலயும் இல்ல. உறக்கம் வருது."

அன்று பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். இடம் இருந்தது, உட்கார முடியவில்லை. ஆத்தா தந்தாள் என்று நான் சொல்கிற ஒவ்வொரு தடவையும், உனக்குத் தரவில்லை என்றுதானே அவள் காதில் விழுந்திருக்கும். நான் நன்றி சொன்னது அவளுக்கு வசவாகப் போயிருக்கிறது. இன்னொன்றும் அன்றுதான் உறைத்தது. என் பக்தி பக்தி என்று பெருமைப்பட்டேனே, எனக்குக் கேட்டது கிடைத்தது, அதனால் நம்பினேன். கிடைக்காமல் போயிருந்தால் நான் என்ன ஆகியிருப்பேனோ. அக்காவின் நம்பிக்கைக்குத்தான் சோதனை வந்தது. என்னுடையதை யாரும் உரசிக்கூடப் பார்த்ததில்லை.

அதற்காக நான் சாமியை விட்டேனா என்றால், இல்லை. விட முடியவில்லை. வீட்டில் மட்டும் வாயை அடக்கிக்கொண்டேன்.

இப்போது பேத்தி விஷயம். அவளுக்கும் கல்யாணமாகி வருடக்கணக்காகப் பிள்ளை இல்லை. நான் பழையபடி தொட்டில் நேர்ந்துகொண்டேன். அக்கா அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, மதுரைக்குப் போய் டாக்டரைப் பாருங்கள் என்றாள். "அவனையும் கூட்டிட்டுப் போ. எங்க காலத்துல ஆம்பளைய எவன் சோதிச்சான்" என்றாள். அந்த ஒரு பேச்சில் அவள் எத்தனை காலம் எதையெல்லாம் யோசித்திருக்கிறாள் என்று தெரிந்தது. இரண்டு பேரும் போனார்கள், வைத்தியம் பார்த்தார்கள், பிள்ளை தங்கியது.

பிறந்துவிட்டாள் என்று போன் வந்தபோது நாங்கள் மொச்சை உரித்துக்கொண்டிருந்தோம். இத்தனை காலம் அடக்கி வைத்த வாய், "ஆத்தா தந்துட்டா" என்று கத்திவிட்டது. அக்கா மொச்சை உரிப்பதை நிறுத்தவில்லை. பிள்ளை எம்புட்டு எடை, கேட்டியா என்றாள்.

போன மாதம் தொட்டில் எடுத்தோம். அக்கா வருவாளா என்று நான் கேட்கவில்லை. கேட்க என்ன முகம் இருக்கிறது? அவளாகவே புதுச் சேலை கட்டிக்கொண்டு காரில் ஏறினாள். பிள்ளைக்குத் துணி மாற்ற ஆள் வேண்டாமா என்றாள். கோயிலில் பை, பால்புட்டியோடு ஒரு தூண் ஓரமாக உட்கார்ந்துகொண்டாள். பேத்தியும் அவள் புருஷனும் கரும்பைத் தோளில் வைத்தார்கள். மாமியார் இருந்த இடத்தில் இப்போது நான். மூலையில் நிறுத்திக் கேட்க வேண்டியவள் நான்தான்.

முதல் மூலை அக்கா உட்கார்ந்திருந்த தூணுக்கு நேர் எதிரே. தொட்டில் நின்றது. எனக்கு வாய் திறக்கவில்லை. எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள். உள்ளே பிள்ளை சிணுங்க ஆரம்பித்தது. பேத்தி தோளை மாற்றிக்கொண்டாள். அப்போது தூண் பக்கமிருந்து சத்தம் வந்தது.

"ஏட்டி, கேளு. பிள்ளைக தோள் வலிக்க நிக்குதுக."

கேட்டேன். அழுகையோடு சேர்ந்து வந்த சத்தம் அது. ஆத்தா தந்த பிள்ளை என்று இரண்டு பேரும் சொன்னார்கள். "அந்த மதுரை டாக்டரம்மாவையும் ஒரு வார்த்த சேத்துச் சொல்லுங்க. பாவம், ஊசி போட்டது அவதான்" என்றாள் அக்கா. பக்கத்தில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள். அடுத்த மூலையில் பேத்தியின் புருஷன் நிஜமாகவே டாக்டரம்மாவையும் சேர்த்துக்கொண்டான்.

சுற்று முடிந்து பால்கோவா வாங்க எல்லோரும் போனபோது, அவளும் நானும் காரில் தனியாக இருந்தோம். அன்றைக்கு உங்களைத் தூக்கச் சொன்னது தப்பு அக்கா என்றேன்.

"அன்னைக்கு நான் தூக்குனது ஒம் மவனத்தானே. நல்ல கனம் இருந்தான்" என்றாள்.

அவ்வளவுதான். தப்பில்லை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்து பார்க்கிறேன், அவள் பையிலிருந்து ஒரு கரும்புக் கணு வெளியே வருகிறது. அவளே வாளியில் மண் போட்டாள், ஊன்றினாள். எதற்கு அக்கா இது என்று கேட்டேன்.

"எதுக்கா? பிள்ளைக்குப் பல்லு முளைக்கும்ல. கடிக்க வேண்டாமா? ஒனக்கும் எனக்கும்தான் பல்லு இல்ல."

இன்று காலை அக்காவுக்கு முழங்கால் வலி, எழுந்திருக்கவில்லை. அரிசி கழுவின தண்ணீரை நான் எடுத்துக்கொண்டு போனேன். முளை நேற்றைவிட நிமிர்ந்திருந்தது. இது நல்லபடியாக வரட்டும் ஆத்தா என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். உட்கார்ந்து, மண் கரையாமல், கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரை ஊற்றினேன்.