புற்று மண்மேல் போட்ட பழி

மக்கா கோமதி, சங்கரா, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். இப்போது புரியாவிட்டால் வைத்திருந்து படியுங்கள். இதே நோயோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அலைகிற மற்றவர்களும் படிக்கட்டும். ரொம்பக் கோபமாக எழுதியிருக்கிறேன் என்று உங்கள் அம்மா சொல்கிறாள். வேறு எப்படி எழுத?

கோமதிக்கு முதலில் வயிற்று வலிதான் வந்தது. சுருண்டு படுத்துக்கொள்வாள். மலம் போகாது. முகம் வெளுத்துப்போனது. பூச்சி மாத்திரை கொடுத்தார்கள், டானிக் கொடுத்தார்கள். கேட்கவில்லை. உங்கள் அம்மா கோயிலில் பிரசாதமாகத் தரும் புற்று மண் வாங்கி வந்து, ஒரு சிட்டிகை தண்ணீரில் கரைத்துக் கொடுத்தாள். சங்கரன்கோவிலில் யார்தான் கொடுக்காமல் இருக்கிறார்கள்?

திருநெல்வேலியில் ஒரு டாக்டரம்மாதான் சரியாகக் கேட்டார்.

"வீட்டுப் பக்கத்துல பழைய பேட்டரி உருக்குத இடம் இருக்கா?"

"ஊருக்கு மேற்க ஒண்ணு இருக்கும்மா. மேகாத்து அடிச்சா புகை எங்க தெருவுக்குத்தான் வரும்."

ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஈய நஞ்சேற்றம் (ஈயம் உடம்பில் சேர்ந்து ரத்தத்தையும் மூளையையும் கெடுப்பது) என்றார். ஈயத்தை உருக்கும்போது அது கண்ணுக்குத் தெரியாத தூசியாகப் பறந்து ஊருக்குள் இறங்குமாம். தரையில் விளையாடுகிற பிள்ளைகளுக்குத்தான் அதிகம் போகுமாம். வயிறு வலிக்கிற பிள்ளையை வைத்திருப்பவர்களே, இப்படி ஓர் ஆலை பக்கத்தில் இருந்தால் ஈயம் பார்க்கச் சொல்லி நீங்களே கேளுங்கள்.

கீலேஷன் (ஈயத்தைப் பிடித்துச் சிறுநீரோடு வெளியேற்றும் சிகிச்சை) செய்தார்கள். மாத்திரையில் அழுகிய முட்டை வாடை அடிக்கும். "நீங்க தின்னுங்கப்பா பாப்போம்" என்று கோமதி என் வாயில் திணிக்க வந்தாள்.

வீடு திரும்பியதும் தெருக்காரர்களோடு மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் போனோம். ஆலையின் மேனேஜரும் இருந்தார். பிள்ளைக்கு வேறு என்ன கொடுத்தீர்கள் என்று அதிகாரி கேட்டார். உங்கள் அம்மாவுக்குப் பொய் வராது. புற்று மண் என்று சொல்லிவிட்டாள்.

மேனேஜர் சிரித்தார். "பாத்தீங்களா சார்? மண்ணத் தின்னக் குடுத்துட்டு ஆலையக் குத்தம் சொல்லுதாங்க."

அதிகாரியும் தலையை ஆட்டினார். உங்கள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிள்ளைக்கு நஞ்சு வைத்தவள் அவளாம்!

எதிர்வீட்டு பீர் முகம்மது அண்ணாச்சிதான் எழுந்தார். "எம் மவன் ரத்தத்துலயும் ஈயம் இருக்கு. அவன் எந்தப் புத்து மண்ணத் தின்னான் வே?"

சிரிப்பு நின்றது. புகைபோக்கியை இன்னும் உயரமாகக் கட்டிவிடுகிறோம் என்றார் மேனேஜர்.

உங்கள் அம்மா முந்தானையை எடுத்தாள். "அப்போ புகை எங்கன போவும்? பனவடலிசத்திரத்துக்கா? அங்கன இருக்கது பிள்ளைக இல்லையா?"

அதிகாரியின் ஆட்கள் வீட்டுக்கு வந்து, மீதியிருந்த புற்று மண்ணைப் பொட்டலம் கட்டி ஆய்வுக்கு வாங்கிப்போனார்கள். ஆலைப் பக்கம் ஒருத்தரும் போகவில்லை. அது இன்னும் ஓடுகிறது.

கோமதிக்கு இப்போது பசிக்கிறது. அண்ணனோடு சண்டை போடுகிறாள். ஆனால் டாக்டரம்மா சொன்னது மனதை விட்டுப் போகவில்லை: "ரத்தத்துல குறைஞ்சிருச்சு. எலும்புல போய் உக்காந்தது லேசுல போகாது. வருஷக்கணக்கா மெல்ல மெல்லக் கசியும்."

பிள்ளை வளர்வதைப் பார்த்து முன்பு சந்தோஷப்பட்டேன். இப்போது அவள் காலை நீட்டிப் படுத்திருந்தால், அந்த எலும்புக்குள் என்ன இருக்கிறதோ என்று பார்க்கிறேன். மாதக் கணக்கும் எனக்கு மறந்துவிட்டது. ஆலையிலிருந்து காற்று வரும் காலம், வராத காலம், இரண்டே காலம்தான்.

ஒருநாள் நீங்கள் பள்ளிக்கும் அம்மா தறி வேலைக்கும் போன பிறகு, வாசலில் மண்டியிட்டேன். கோமதியின் மூக்கு உயரத்துக்குக் குனிந்து மூச்சை இழுத்தேன். ஒரு வாடையும் இல்லை. நல்ல காற்று மாதிரியே இருந்தது. அதைத் திரும்ப அவள் விளையாடும் வாசலில் விட மனம் வரவில்லை. நெஞ்சு முட்டும்வரை உள்ளேயே அடக்கிவைத்திருந்தேன்.