சரோஜா டீச்சரின் பலாப்பழ ஏலம்

புதூர்நாட்டுக்கு ஏறி வந்த ஜீப் டிரைவர்தான் பள்ளி வாசலில் வண்டியை நிறுத்திச் செய்தி சொன்னார். "சரோஜா டீச்சர் காலையில ஆஸ்பத்திரியிலயே தவறிட்டாங்க டீச்சர்." படியில் உட்கார்ந்தேன். அதற்குள் என் வகுப்புப் பிள்ளைகள் வாய்விட்டு அழ ஆரம்பித்திருந்தார்கள். நான் செத்தால் இவர்கள் இப்படி அழுவார்களா என்று அந்த நேரத்திலும் எனக்குத் தோன்றியது. அவரை அறிந்து, அவருக்காக இங்கே கூடியிருக்கும் உங்களிடம் மறைப்பதற்கு என்ன இருக்கிறது? நான் அவர்மேல் பொறாமைப்படாத நாளே கிடையாது.

ஒன்பதாம் வகுப்பில் 'அ' பிரிவு எனக்கு, 'ஆ' பிரிவு அவருக்கு. இருவருக்கும் ஒரே சமூக அறிவியல் பாடநூல், நடுவில் ஒரு மூங்கில் தட்டி. பொருளியல் பாடம் வந்தால் என் பக்கம் தேவை விதியை ஒப்பிப்பார்கள். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்கும். "கையில எடுத்துப் பாத்ததுதான் மனசுல நிக்கும்" என்பார் சரோஜா. என் பிள்ளைகளின் கண்ணெல்லாம் தட்டியின் ஓட்டையில்தான்.

ஒருநாள் பலாப்பழம் ஒன்றை மேசைமேல் வைத்து ஏலம் என்றார். ஆளுக்கு ஒரு பிடி புளியங்கொட்டை, அதுதான் காசு. கேட்பவர் பலர், பழம் ஒன்று, விலை தானாக ஏறும் என்று காட்டுவது அவர் எண்ணம். முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி, "அஞ்சு கொட்டை" என்றாள். அதற்குமேல் வகுப்பே வாயைத் திறக்கவில்லை.

"இன்னாடா, வேற யாருக்கும் பழம் வேணாமா?"

"வேணும் டீச்சர். ஆனா அவ கேட்டுட்டாளே. ஒருத்தர் கேட்டதுக்கு மேல இன்னொருத்தர் கேக்கறது மொறையில்லீங்க. அவளா வுட்டாத்தான் கேக்கலாம்."

தட்டிக்கு இந்தப் பக்கம் எனக்கு உள்ளம் குளிர்ந்தது. சரோஜா அசரவில்லை. "அப்ப புளி வாங்க வர்ற வியாபாரிங்க?" என்றார்.

"எங்க ஊருக்கு ஒருத்தர்தாங்க வருவாரு. அவரு வாங்கற ஊருக்கு இன்னொருத்தர் வர மாட்டாரு."

"அவங்களுக்குள்ளயும் இதே மொறைதானா?"

கடைசி பெஞ்சுப் பையன் மெதுவாக எழுந்தான். "அதனாலதான் அவரு சொன்னதே வெலைங்களா டீச்சர்?"

போட்டியில்லாத சந்தையைப் பற்றி நான் எவ்வளவோ நடத்தியும் என் பிரிவில் ஒருவரும் கேட்காத கேள்வி அது. அப்புறம் அவர் பழத்தை அறுத்தார். வாசம் வந்ததும் என் பக்கத்தில் தேவை விதி பாதியில் நின்றது.

அடுத்த பருவத்தில் அதைவிடப் பெரிய பழமாகப் பார்த்து நானும் வாங்கி வந்தேன். என் பிள்ளைகள் நெளிந்தார்கள். "ஏலம் சரோஜா டீச்சர் மொதல்ல வெச்சதாச்சே. அதுக்கு மேல நீங்க வெக்கலாங்களா?" தட்டிக்கு அப்பாலிருந்து சரோஜா எட்டிப் பார்த்து என்னைக் காட்டினார். "நான் வுட்டுட்டேன்டா. இனிமே அது அக்காவுது." அந்தப் பெருந்தன்மையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பழத்தை வீட்டுக்குத் தூக்கிப்போய்த் தனியாக அறுத்துத் தின்றேன். பாதி வீணாகிப்போனது.

இப்போது இரண்டு பிரிவும் என்னிடம். தட்டியை எடுத்துவிட்டார்கள். அவர் அலமாரியிலிருந்து புளியங்கொட்டைப் பையை மட்டும் நான் எடுத்து வைத்துக்கொண்டேன். பலாவும் பழுக்க ஆரம்பித்துவிட்டது. ஏலம் வைக்கத்தான் போகிறேன். இது சரோஜா டீச்சர் எனக்கு விட்டுக்கொடுத்தது என்று பிள்ளைகளிடம் சொன்ன பிறகுதான் பையைப் பிரிப்பேன். சொல்லும்போது வயிறு எரியும். எரியட்டும்.